பழைய பிளாட்ஹெட்டுக்கு ஐந்து கியர்: 1940 ஃபோர்டு கூப் ஒன்றில் டி5 பொருத்திய வேலை

1940 டிசம்பர் 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸுக்கும் பாசடினாவுக்கும் இடையே அரோயோ செக்கோ பார்க்வே திறக்கப்பட்டது. கலிஃபோர்னியாவின் முதல் ஃப்ரீவே என்று அதைத்தான் சொல்வார்கள். அன்று அதில் அனுமதித்த வேகம் மணிக்கு 45 மைல். அதே வருடத்து ஃபோர்டு கூப் ஒன்றை, 3.78 கிரவுன்-பினியனோடும் (பின் ஆக்சிலில் இருக்கும் கியர் ஜோடி; சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 3.78 சுற்று சுற்றும்) 28 அங்குல உயர டயரோடும், 45 மைலில் ஓட்டினால் இஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,040 சுற்று சுற்றும். அந்த இஞ்சினின் முழு இழுவை கிடைப்பது சுமார் 2,000 சுற்றில். கச்சிதமான கணக்கு.

இன்று அதே காரை அதே ஊரின் ஃப்ரீவேயில் 65 மைலில் ஓட்டினால் சுற்று 2,950-ஐத் தொடும். ஓடாது என்று இல்லை, ஓடும். ஆனால் மணிக்கணக்கில் அப்படி ஓட்டினால் சத்தமும் சூடும் பெட்ரோல் செலவும் ஓட்டுகிறவரைச் சோர வைத்துவிடும். வலது பக்கத்து லாரி ஹார்ன் அடிக்கும்போது மூன்றாவது கியருக்கு மேல் போட எதுவும் கிடையாது.

இந்த ஆய்வில் வரும் கார், பழைய மூன்று கியர் பெட்டிக்குப் பதில் டி5 என்ற ஐந்து கியர் பெட்டி ஏறிய கார், சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் இருக்கிறது. உரிமையாளர் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலையின் பெரும்பகுதியைத் தன் கராஜிலேயே செய்தார். காரின் பாடி 1940, இஞ்சின் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய 59ஏபி என்ற ஃபோர்டு வி8. வால்வுகள் சிலிண்டர் தலையில் இல்லாமல் பிளாக்கிலேயே இருக்கும் இந்த வகைக்குத்தான் பிளாட்ஹெட் என்று பெயர். 3 3/16 அங்குல போர் (சிலிண்டரின் விட்டம்), 3 3/4 அங்குல ஸ்ட்ரோக், 239 கன அங்குலம். கம்பெனி கணக்கில் 100 குதிரைத்திறன், 180 பவுண்டு-அடி முறுக்குவிசை. மேலே இரட்டை கார்ப்பரேட்டர் மேனிஃபோல்டு. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டைத் தொடவில்லை. அந்தக் காலத்துப் பையன்கள் பண்ணியிருக்கக்கூடிய ஹாட் ராட்தான் (வேகத்துக்காக மாற்றிய பழைய கார்), பெரிய ஆர்ப்பாட்டம் ஒன்றும் கிடையாது. கேம் ஷாஃப்ட் பழையது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

பழைய பெட்டியில் என்ன குறை

மூன்று கியர். முதல் கியருக்கு சின்க்ரோனைசர் (கியர் விழும்போது இரண்டு பக்கத்து வேகத்தையும் ஒன்றாக்கும் அமைப்பு) இல்லை. வண்டி முழுதாக நின்றால்தான் சத்தமில்லாமல் விழும், இல்லையென்றால் கிளட்ச்சை இரண்டு முறை மிதித்து டபுள் கிளட்ச் அடிக்க வேண்டும். 1940-இல் ஃபோர்டு லீவரைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டீயரிங் தண்டுக்குக் கொண்டுபோய்விட்டது. பழைய அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு அந்த லீவரின் தொளதொளப்பு தெரிந்திருக்கும். அதனால்தான் ஹாட் ராட் ஆட்கள் 1939-ஆம் வருடத்துப் பெட்டியைத் தேடி அலைந்தார்கள்: தரை லீவரும் உண்டு, சின்க்ரோவும் தேவலை.

விகிதங்களைப் பாருங்கள்: முதல் கியர் 3.11, இரண்டாவது 1.77, மூன்றாவது நேர் கியர். இரண்டாவதில் 3,000 சுற்று வரை இழுத்து மூன்றாவதுக்கு மாற்றினால் இஞ்சின் 1,700-க்கு விழுந்துவிடும். சமதளத்தில் பரவாயில்லை. மேட்டில் அந்த விழுகைதான் எரிச்சல்: இரண்டாவதில் கத்தும், மூன்றாவதில் முக்கும்.

இதற்கு அந்தக் காலத்திலேயே வழி தேடினார்கள். கொலம்பியா என்ற இரட்டை வேக ஆக்சில் 1930-களிலிருந்தே கிடைத்தது. வேக்குவத்தில் இயங்கும், சுற்றைச் சுமார் 28 சதவீதம் குறைக்கும். லிங்கன்-செஃபிரின் கியர்களை ஃபோர்டு பெட்டிக்குள் போடுவதும் வழக்கம்; அது முதல் இரண்டு கியர்களை நீட்டும், மேல் கியருக்கு எதுவும் செய்யாது. கொலம்பியா இன்றைக்கும் அழகான சாமான். நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் வாங்கிப் போட்டுவிட்டு இந்தக் கட்டுரையை மூடிவிடலாம். கிடைப்பதும், கிடைத்தால் அதன் விலையும்தான் பிரச்சினை.

ஏன் டி5, எந்த டி5

போர்க்-வார்னர் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த ஐந்து கியர் பெட்டி டி5. அலுமினியக் கூடு, ஒரே ஆள் மார்போடு அணைத்துத் தூக்கிவிடக்கூடிய எடை. ஃபோர்டு மஸ்டாங், ஷெவர்லே கமாரோ, எஸ்-10 பிக்கப் என்று பல வண்டிகளில் வந்தது. 5.0 லிட்டர் மஸ்டாங்கையே தாங்கிய குடும்பம் என்பதால், 180 பவுண்டு-அடி கொடுக்கும் பிளாட்ஹெட் அதை உடைக்கும் என்ற பயம் வேண்டாம்.

ஆனால் 'டி5' என்று கேட்டு வாங்கினால் போதாது. லீவர் வெளியே வரும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். மஸ்டாங் பெட்டியில் லீவர் வால்பகுதியின் பின்னால் இருக்கிறது. 1940 கூப்பின் நீள சீட்டில் அது சீட்டின் விளிம்புக்கே வந்து முட்டும். கமாரோ பெட்டி வண்டியில் சற்றுச் சாய்ந்த நிலையில் உட்காரும். நேராகப் பொருத்த ஏற்பாடு செய்யாவிட்டால் லீவரும் சாய்ந்தே நிற்கும். எஸ்-10 பிக்கப்பில் லீவர் முன்னால் தள்ளி இருக்கிறது. பிக்கப்புக்கும் நீள சீட்டுதானே! பழைய ஃபோர்டுக்காரர்கள் எஸ்-10 பெட்டியையே தேடுவதற்கு முதல் காரணம் இது. வலிமையோ விகிதமோ அப்புறம்தான்.

இந்தக் காருக்கும் எஸ்-10 பெட்டிதான் வந்தது, பழைய சாமான் கிடங்கிலிருந்து. வாங்கும்போது பார்த்தது இரண்டு விஷயம். ஒன்று, வேகமானிக்கு கேபிள் செருகும் வாய் இருக்கிறதா என்று. 1980-களின் கடைசியில் மின் சென்சாருக்கு மாறிவிட்டார்கள், அது இந்த டேஷ்போர்டுக்கு உதவாது. இன்னொன்று, ஐந்தாவது கியரின் விகிதம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் எஸ்-10 பெட்டிகளில் 0.76-உம் உண்டு, 0.86-உம் உண்டு. வால்பகுதி போல்ட்டில் 1352 என்று தொடங்கும் எண்ணோடு ஒரு தகடு தொங்கும். அது இருந்தால் எண்ணை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். இதில் தகடு இல்லை. அதனால் பெட்டியை மேசையில் வைத்து, ஐந்தாவதில் போட்டு, பின் ஷாஃப்டைப் பத்து முழுச் சுற்றுச் சுற்றினார்கள். முன் ஷாஃப்ட் ஏழரைக்குச் சற்று மேலே நின்றது. 0.76. எட்டரையைத் தாண்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். தகடு இருந்தாலும் இதைச் செய்துவிடுவது நல்லது. கை மாறிய பெட்டிக்குள் யாருடைய கியர் இருக்கிறது என்று தகடு சொல்லாது.

மற்ற விகிதங்கள் 4.03, 2.37, 1.49, 1.00.

இது பழைய வகை டி5. வெண்கல சின்க்ரோ வளையங்கள். மஸ்டாங்கில் 1985-இலிருந்து வந்த 'வேர்ல்டு கிளாஸ்' வகையில் வளையத்தின் உள்ளே உராய்வுப் பூச்சு உண்டு. அதற்கு ஆட்டோமேட்டிக் பெட்டிக்கு ஊற்றும் மெல்லிய எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். கெட்டியான கியர் ஆயில் ஊற்றினால் குளிர் காலையில் லீவர் நகராது, கொஞ்ச நாளில் வளையமும் போய்விடும். எந்த வகை என்று தெரியாமல் எண்ணெய் ஊற்றாதீர்கள்.

இஞ்சினோடு சேர்ப்பது

1932 முதல் 1948 வரையிலான பிளாட்ஹெட்டில் கிளட்ச்சை மூடும் கூடு, அதாவது பெல் ஹவுசிங், தனியாகக் கிடையாது. மேல் பாதி பிளாக்கோடு சேர்ந்த வார்ப்பு. கீழ்ப் பாதி ஆயில் பேனோடு வருகிறது. கிளட்ச்சைத் தள்ளும் ஃபோர்க்கும் குறுக்கு ஷாஃப்டும் பழைய கியர் பாக்ஸின் முன்பகுதிக்குள் இருக்கின்றன. பழைய பெட்டியைக் கழற்றினால் கிளட்ச் இயக்கமும் கையோடு வந்துவிடும். அதனால் அடாப்டர் என்பது நடுவில் வைக்கும் ஒரு தட்டு என்று நினைக்கக் கூடாது. டி5-க்குப் பொருந்தும் முகம், புதிய ஃபோர்க், அது ஆடுவதற்கான தாங்கி எல்லாம் அதில் இருக்க வேண்டும். இதற்கென்று வார்த்த அலுமினிய அடாப்டர்கள் கடையில் கிடைக்கின்றன. அப்படி ஒன்றைத்தான் வாங்கினார்கள்.

கிளட்ச் பிளேட்டும் மாறும். ஃபோர்டின் இன்புட் ஷாஃப்ட் 1 3/8 அங்குலம், 10 பல். எஸ்-10 ஷாஃப்ட் 1 அங்குலம், 14 பல். எனவே ஃபோர்டு ஃப்ளைவீலுக்குப் பொருந்தும் 10 அங்குலத் தட்டு, நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் பல். இன்புட் ஷாஃப்டின் நுனித் தடிமனும் வேறு என்பதால், கிராங்க் ஷாஃப்டின் முனையில் அந்த நுனியைத் தாங்கும் பைலட் பேரிங்கையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். நுனி பேரிங்குக்குள் போதுமான ஆழம் போகிறதா, உள்ளே எதிலும் முட்டாமல் நிற்கிறதா என்று களிமண் உருண்டை வைத்து அழுத்திப் பார்த்தார்கள். இதெல்லாம் அரை நாள் வேலை.

அரை நாளில் முடியாதது மையம் பார்ப்பது.

கிராங்க் ஷாஃப்டின் மையமும் பெட்டியின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் இதைச் சோதிக்காமலே பெட்டியை ஏற்றுகிறவர்கள்தான் அதிகம். ஃபோர்டு தன் பெட்டியைத் தன் பிளாக்குக்காகக் கடைந்தது. இங்கே எண்பது வருடம் பழைய பிளாக், இன்னொரு கம்பெனியின் பெட்டி, நடுவில் மூன்றாவது ஒருவர் கடைந்த அடாப்டர். மூன்றும் தற்செயலாக ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது லாட்டரிச் சீட்டு வாங்குவதற்குச் சமம்.

செய்முறை எளிது. ஃப்ளைவீலில் காந்தக் கால் வைத்து டயல் கேஜை நிறுத்தி, அதன் முனையை அடாப்டரின் நடுத் துளைச் சுவரில் தொடவிட்டு, கிராங்கைக் கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். முள் எவ்வளவு தூரம் நகர்கிறதோ அதில் பாதி மைய விலகல். ஐந்து கியர் பெட்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லும் எல்லை, முள்ளின் மொத்த நகர்வு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 5-க்குள். இங்கே முதல் அளவீட்டில் வந்தது 14. அதாவது மையம் ஆயிரத்தில் 7 தள்ளி இருக்கிறது. தலைமுடி இரண்டு மூன்றைச் சேர்த்துப் பிடித்தால் வரும் தடிமன் அது. கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது, பெட்டியும் தாராளமாக உள்ளே போய் உட்காரும்.

அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகும்? இன்புட் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைக்கப்படும். பைலட் பேரிங் ஊளையிடும், கியர் விழ அடம்பிடிக்கும், கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதியில் விரிசல் வரும். மேட்டில் இழுக்கும்போது கியர் தானாக வெளியே குதிக்கும். அப்போது எல்லோரும் சொல்வது, 'டி5 சொத்தைப் பெட்டி' என்பதுதான். பெட்டியின் மேல் விழும் பழியில் ஒரு பெரிய பங்கு அளக்காமல் ஏற்றியவர்களுக்குச் சேர வேண்டியது என்பது என் கணிப்பு.

விலகல் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது முதலில் மாட்டியது ஆயில் பேன். பெல்லின் கீழ்ப் பாதி பேனோடு வருவதால், பேனின் பின் முகமும் பிளாக்கின் பின் முகமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கேஸ்கட் வைத்து முறுக்கும்போது பேன் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தது. நேர் விளிம்புள்ள இரும்புப் பட்டையை வைத்துப் பார்த்தால் வெளிச்சம் தெரிந்தது. அடாப்டரை இறுக்கியபோது அது அந்த முட்டில் ஏறி, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பேனைத் தளர்த்தி, பட்டையை ஒட்டி வைத்து மறுபடி இறுக்கியதும் முகத்தின் சாய்வு போய்விட்டது. துளையின் அளவீடும் 14-லிருந்து 9-க்கு இறங்கியது.

மிச்சத்துக்குச் சுருக்கு வழி கிடையாது. அடாப்டரின் போல்ட் துளைகளைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதை லேசான இறுக்கத்தில் வைத்து, நைலான் சுத்தியலால் தட்டித் தட்டி, கேஜைப் பார்த்து, மறுபடி தட்டி... முள்ளின் நகர்வு 3-க்கு வந்ததும் முழுதாக இறுக்கி, மறுபடி அளந்து, அப்புறம் இரண்டு இடத்தில் துளை போட்டு ரீமர் ஓட்டி டவல் பின் அடித்தார்கள். பின் இல்லாவிட்டால் அடுத்த முறை கழற்றி மாட்டும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

மூடிய ஷாஃப்ட் என்ற சங்கடம்

புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் அடாப்டர் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டுவிடுவார்கள். 1948 வரைக்குமான ஃபோர்டில் பெரிய செலவு பின்னால் காத்திருக்கிறது.

அந்தக் கார்களில், கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் வெளியே தெரியாது. ஒரு தடித்த இரும்புக் குழாய்க்குள் ஓடும். டார்க் டியூப் என்று பெயர். குழாயின் பின் முனை ஆக்சிலோடு போல்ட் போட்டு இறுகியிருக்கும், முன் முனை கியர் பாக்ஸின் வாலில் ஓர் உருண்டைக் கிண்ணத்தில் உட்காரும். ஒரே ஒரு யுனிவர்சல் ஜாயின்ட், அதுவும் அந்த உருண்டைக்குள். சக்கரம் சாலையைப் பின்னால் தள்ளும்போது காரை முன்னால் தள்ளும் விசை இந்தக் குழாய் வழியாகத்தான் கியர் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து மவுண்ட் வழியாகச் சட்டத்துக்குப் போகிறது. பின்னால் குறுக்கே கிடக்கும் ஒற்றைப் பட்டை ஸ்பிரிங் எடையை மட்டும் தாங்கும். ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிக்கிற வேலை அதற்கு இல்லை. பக்கத்துத் தடிகளும் இந்தக் குழாயோடுதான் சேர்கின்றன.

டி5-இன் வாலில் அந்த உருண்டைக்கு இடமில்லை. சாதாரண வழுக்கு யோக் (திறந்த ஷாஃப்டின் முன் முனையில் வரும் கவை) மட்டும்தான் மாட்டலாம். குழாயை எடுத்துவிட்டால் ஆக்சிலை எதுவும் பிடித்திருக்காது. கிளட்ச்சை விட்ட கணமே அது காருக்கு அடியில் உருளப் பார்க்கும். அதனால் பின் சஸ்பென்ஷன் முழுவதையும் புதிதாக யோசித்தாக வேண்டும்.

இரண்டு வழி. பழைய ஃபோர்டு ஆக்சிலையே வைத்துக்கொண்டு, திறந்த ஷாஃப்டுக்கான மாற்றுப் பாகங்களைப் போட்டு, சட்டத்துக்குத் தனித் தடிகள் கட்டுவது ஒன்று. தோற்றம் கெடாது, அடியில் குனிந்து பார்க்கிறவர்களுக்கும் பிடிக்கும். இரண்டாவது, பின்னால் வந்த ஆக்சில் ஒன்றை நீளவாக்கில் இரண்டு பட்டை ஸ்பிரிங்கில் தொங்கவிடுவது. பட்டைகளே முன்பின் பிடித்துக்கொள்ளும், முறுக்கையும் தாங்கும். உரிமையாளர் இரண்டாவதை எடுத்தார். 1970-களின் ஃபோர்டு மேவரிக்கில் வந்த 8 அங்குல ஆக்சில்; 1940 பாடிக்கு அகலம் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். இன்னொரு சௌகரியம், இதன் கிரவுன்-பினியன் தொகுப்பை முன்பக்கமாக முழுசாக உருவி எடுத்துவிடலாம். விகிதம் பிடிக்காவிட்டால் ஆக்சிலைக் கீழே இறக்காமலே மாற்றலாம். இந்த வசதி பிற்பாடு கை கொடுத்தது.

எக்ஸ் வடிவச் சட்டத்தின் நடுவில் டி5-இன் வால் போக இடம் வெட்டி, வெட்டிய இடத்தைத் தகடு வைத்துப் பெட்டியாக மூடி வெல்டிங் செய்தார்கள். புது ஷாஃப்டின் முன்பக்கம் ஜெனரல் மோட்டார்ஸ் யோக், பின்பக்கம் ஃபோர்டு பினியன். இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவுள்ள கிராஸ் (யுனிவர்சல் ஜாயின்ட்டின் நடுத் துண்டு) ஒன்று இதற்கென்றே கிடைக்கிறது. இஞ்சின் பின்னோக்கி 3 டிகிரி சரிந்திருந்ததால் பினியனின் மூக்கை அதே 3 டிகிரி மேல்நோக்கி வைத்தார்கள். இரண்டு கோடுகளும் இணையாக இருந்தால்தான் இரண்டு கிராஸ்களும் ஒன்றன் துடிப்பை மற்றது அடித்துவிடும்.

கிரவுன்-பினியன் விகிதம்

என் பார்வையில் இந்த முழு வேலையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. பெட்டியைப் பொருத்துவது பட்டறை வேலை. பொருத்திய பிறகு அது பிரயோஜனமா என்பதைத் தீர்மானிப்பது பின்னால் இருக்கும் விகிதம்.

மேவரிக் ஆக்சில் 3.00 விகிதத்தோடு வந்தது. 'சும்மா கிடைத்தது, அப்படியே இருக்கட்டும்' என்று விட்டார்கள். காகிதத்தில் பார்த்தால் மோசமில்லை: முதல் கியர் 4.03-ஐ 3.00-ஆல் பெருக்கினால் 12.1, பழைய காரில் 11.8. கிளம்பும்போது கிட்டத்தட்ட அதே உணர்வு. ஐந்தாவதில் 65 மைலுக்குச் சுமார் 1,780 சுற்று. சமதளத்தில் கார் அவ்வளவு அமைதியாக ஓடியது. உரிமையாளருக்கு வாயெல்லாம் பல்.

அப்புறம் கிரேப்வைன் மேடு வந்தது. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வடக்கே போகும் ஐந்தாம் எண் நெடுஞ்சாலை 4,100 அடிக்கு மேல் உயரமுள்ள டெஹோன் கணவாயைத் தாண்டுகிறது. வடக்குச் சரிவில், பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து திரும்பும்போது, ஏற்றம் சுமார் 6 சதவீதம். அங்கே 55 மைலில் ஐந்தாவது கியரில் கார் முக்கியது, வேகம் கரைந்தது, மிதியை அழுத்தினால் நாக்கிங் சத்தம் கேட்டது, வெப்பமானி முள் மேலே ஏறியது.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு பேரும் சாமானும் சேர்த்து கார் சுமார் 1,475 கிலோ. 6 சதவீத ஏற்றத்தில் 55 மைல் வேகத்துக்கு, மேடு ஏறவும் காற்றைக் கிழிக்கவும் டயர் உருளவும் சேர்த்து, சக்கரத்தில் ஏறத்தாழ 36 கிலோவாட் வேண்டும். வழியில் வீணாவதையும் கூட்டினால் இஞ்சினில் 40. ஐந்தாவதில் அப்போது சுற்று 1,500. அந்தச் சுற்றில் 40 கிலோவாட் வர 187 பவுண்டு-அடி முறுக்குவிசை வேண்டும். இந்த இஞ்சினின் உச்சமே 180! கேட்பது இல்லாத சரக்கு. நான்காவதுக்கு இறக்கினால் சுற்று 1,980, தேவை 142. அது இருக்கிறது.

சூட்டுக்கும் இதுவே காரணம். பிளாட்ஹெட்டில் எக்ஸாஸ்ட் புகை பிளாக்குக்குள் தண்ணீர் ஓடும் இடத்தின் நடுவே புகுந்துதான் வெளியே வருகிறது. நடுவில் உள்ள இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே வாசல். பிறவியிலேயே சூட்டு உடம்பு. தண்ணீர் பம்புகள் இஞ்சின் சுற்றோடு ஓடுகின்றன. சுற்றைக் குறைத்து மிதியை முழுக்க அழுத்தினால், எரிவது அதிகம், தண்ணீர் ஓட்டம் குறைவு. 'சுற்று குறைந்தால் இஞ்சினுக்கு ஓய்வு' என்ற பொது நம்பிக்கை இங்கே செல்லாது. சுமை இல்லாதபோதுதான் அது ஓய்வு.

அதனால் 3.00-ஐ உருவி எடுத்துவிட்டு 3.55 போட்டார்கள். இப்போது ஐந்தாவதில் 65 மைலுக்கு 2,100 சுற்று, பழைய 2,950-க்குப் பதிலாக. 1940-இல் 45 மைலில் ஓடிய அதே சுற்றுக்கு மிக அருகில். கிரேப்வைனில் 55-இல் சுற்று 1,780. தேவை 158 பவுண்டு-அடி. ஐந்தாவதிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு ஏறும், ஆனால் ஏற்றாமல் இருப்பதே நல்லது. நான்காவதில் 2,340 சுற்றில் 120 போதும். முள் அசையாமல் ஏறுகிறது. கேம் ஷாஃப்ட் மாற்றிய இஞ்சினாக இருந்தால் இழுவையின் உச்சம் இன்னும் மேலே போயிருக்கும், 3.55-உம் போதாமல் போயிருக்கும். காரில் இருக்கும் கேம் எந்தச் சுற்றில் இழுக்கிறது என்று தெரிந்துகொண்டு, ஃப்ரீவே வேகத்தில் ஐந்தாவது கியர் அந்தச் சுற்றுக்கு வருகிற மாதிரி விகிதத்தைத் தேர்ந்தெடுங்கள். எதிர்த்திசையிலிருந்து கணக்குப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

கியர் மாற்றும் இடைவெளியும் சுகமாகிவிட்டது. மூன்றாவதில் 3,000 வரை இழுத்து நான்காவதுக்குப் போட்டால் இஞ்சின் 2,000-இல் போய் நிற்கிறது, இழுவையின் உச்சத்தில். பழைய பெட்டியில் அது 1,700.

மிச்ச சில்லறைகள்

பழைய காரில் வேகமானி கேபிளை ஓட்டும் பல், டார்க் டியூபின் முன் முனையில் இருந்தது. குழாயோடு அதுவும் போயிற்று. டி5 வாலில் கேபிள் வாய் இருந்ததால், ஒரு முனை ஜெனரல் மோட்டார்ஸுக்கும் மறு முனை ஃபோர்டு மீட்டருக்கும் பொருந்தும் கேபிள் ஒன்றைச் செய்து வாங்கினார்கள். 3.55-க்கு மாறியபோது வேகமானிப் பல்லும் மாற வேண்டும் என்பது யாருக்கும் நினைவில்லை. கொஞ்ச நாள் மீட்டர் வேகத்தை ஏற்றிக் காட்டியது.

சக்கரம் இன்னொரு தலைவலி. பழைய ஃபோர்டு சக்கரத்தின் ஐந்து போல்ட்டும் 5 1/2 அங்குல வட்டத்தில் இருக்கும், மேவரிக்கில் 4 1/2 அங்குலம். அப்படியே விட்டால் ஸ்டெப்னி முன்பக்கத்துக்கோ பின்பக்கத்துக்கோ ஏதாவது ஒன்றுக்குத்தான் உதவும். ஆக்சில் ஃபிளாஞ்சில் 5 1/2 வட்டத்துக்குத் துளை போட்டுக் கொடுக்கும் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்தார்கள். டிரம்மிலும் அதே துளை போட வேண்டியிருந்தது.

ஸ்டீயரிங் தண்டின் பழைய லீவரைக் கழற்றவில்லை. எதோடும் இணைக்காமல் சும்மா நிற்கிறது. வண்டியைத் திருட வருகிறவன் முதல் அரை நிமிடம் அதோடு போராடுவான் என்று உரிமையாளர் சொல்லிக்கொள்கிறார்.

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லாத இடம் முதல் கியர். 4.03-ஐ 3.55-ஆல் பெருக்கினால் 14.3. சாலைச் சந்திப்பைப் பாதி தாண்டுவதற்குள் முடிந்துபோகிறது. அதனால் அவர் சமதளத்தில் இரண்டாவதிலேயே கிளம்புகிறார், அது 8.4, பழைய முதல் கியர் 11.8. ஹாஃப் கிளட்ச்சில் இழுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கிறது, அந்த 10 அங்குலத் தட்டு எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்கத்தானே போகிறோம். நானாக இருந்தால் மஸ்டாங்கின் 3.35 முதல் கியரும் 0.68 ஐந்தாவதும் உள்ள பெட்டியை எடுத்து, பின்னால் 3.8 அளவில் ஒரு விகிதம் போட்டிருப்பேன்: கிளம்ப 12.7, 65 மைலுக்கு ஏறத்தாழ 2,000 சுற்று. லீவரை முன்னால் கொண்டுவர வால்பகுதியையும், தேவைப்பட்டால் உள்ளே மெயின் ஷாஃப்டையும் மாற்ற வேண்டியிருக்கும். அதைச் சொன்னபோது அவர் கிடங்கில் எஸ்-10 பெட்டிக்குக் கொடுத்த விலையை ஞாபகப்படுத்தினார். அந்த விலைக்கு அது நல்ல பெட்டிதான், மறுக்க முடியாது.